முப்பது ரூபாய் வேலை தேடிய கணித மேதை

ஈரோடு என்றதும் மஞ்சள் மண்டி நினைவுக்கு வரும். ரயில் ஜங்ஷன் நினைவுக்கு வரும். ஜவுளிச் சந்தை நினைவுக்கு வரும். ஆனால் கணிதம் படித்தவர்கள் இருக்கும் நாடுகளில் எல்லாம் ஈரோட்டின் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கிறது. சீனிவாச ராமானுஜன் பிறந்த ஊர் அது.

அவர் கணித மேதை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினர் ஆனார் என்பதும் பலருக்குத் தெரியும். அந்த மேதை ஒரு குமாஸ்தா வேலைக்காக ஊர் ஊராக அலைந்தார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. பட்டம் இல்லாமல், பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் காத்து நின்றார். வேலை கிடைத்த பிறகும், ஆபீஸ் மானேஜருடன் உட்கார்ந்து, பிறருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அமீனா வீட்டுப் பேரன்

ராமானுஜனின் தாயார் கோமளத்தம்மாள். அவருடைய தகப்பனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது நம் வழக்கம். அப்படி வந்த இடத்தில் 1887-ம் வருடம் டிசம்பர் 22-ந் தேதி ராமானுஜன் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆன சமயத்தில் தாயார் கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தகப்பனார் சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும், கோவிலில் பஜனை பாடியும் தாயார் கொஞ்சம் சம்பாதித்தார்.

பையன் படிப்பில் சுட்டி. 1897-ல் நடந்த ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். கணக்கில் அவரைப் பிடிக்க ஆள் இல்லை.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். முடிவு இருக்கும், அது எப்படி வந்தது என்ற வழி பெரும்பாலும் இருக்காது. ராமானுஜன் ஒவ்வொன்றுக்கும் தானே வழி கண்டுபிடித்தார். பிறகு, அந்தப் புத்தகத்தில் இல்லாத புது முடிவுகளையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டில் காகிதத்துக்குச் செலவழிக்க வசதி இல்லை. அதனால் சிலேட்டில் போடுவார். விடை வந்ததும் முழங்கையால் அழித்துவிடுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். கார் புத்தகத்தைப் பார்த்தும், காகிதம் இல்லாததாலும், வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பழக்கம் அவருக்கு ஊறிப்போயிற்று. இந்தப் பழக்கம் பின்னால் அவரை எவ்வளவு பாடுபடுத்தியது என்பதைப் பார்ப்போம்.

இரண்டு கல்லூரி, இரண்டு தோல்வி

1904-ல் ஹைஸ்கூல் படிப்பு முடிந்தது. கணிதத்துக்கான பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். எப்.ஏ. என்பது மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவில் இருந்த இரண்டு வருடப் படிப்பு. அதைத் தாண்டாமல் பட்டம் இல்லை.

வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும் ராமானுஜன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்டிப் படிக்க வைக்கும் நிலையில் குடும்பம் இல்லை. 1905-ல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். பிறகு ஊர் திரும்பினார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். அங்கே உடற்கூறு சாஸ்திரம் என்று ஒரு பாடம் இருந்தது. அது அவருக்கு வேப்பங்காய். நோயும் வந்து சேர்ந்தது. 1907 கடைசியில் தனியாகப் பரீட்சை எழுதிப் பார்த்தார். அதிலும் தோல்வி.

அப்போது அவருக்கு வயது 20. கையில் மெட்ரிகுலேஷன் ஒன்றுதான். மேலே படிக்க வழி இல்லை. கீழே இறங்கி ஒரு வேலை பார்க்கலாம் என்றால், எப்.ஏ. தவறியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்பட்டார்கள்.

பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லச் சொன்னால், அதைத் தாண்டி எங்கோ போய்விடுவார். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு அது எதற்கு?

கலியாணமும் பொறுப்பும்

1909-ம் வருடம் ஜூலை மாதம் கலியாணம் நடந்தது. பெண் பெயர் ஜானகி. கரூரை அடுத்த ராஜேந்திரம் கிராமத்துக் குழந்தை. ஆம், குழந்தைதான். பத்து வயது நிரம்பியவரா என்பதே சந்தேகம். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. சில வருடம் கழித்துத்தான் ஜானகி கணவர் வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வருடம் ராமானுஜனுக்கு ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. குடும்பத்தில் பணம் இல்லை. ஒரு டாக்டர் கட்டணம் வாங்காமல் செய்து கொடுத்தார். படுக்கையிலிருந்து எழுந்ததும் ராமானுஜன் வேலை தேடப் புறப்பட்டார்.

கையில் எடுத்துக்கொண்டது சர்டிபிகேட் அல்ல, அது இல்லையே. தான் கண்டுபிடித்தவற்றை எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

திருக்கோவிலூரில் கிடைத்த கடிதம்

யாரைப் போய்ப் பார்ப்பது? வேலை தேடுகிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான். ராமானுஜன் யோசித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார். திருக்கோவிலூரில் வி.ராமசாமி அய்யர் டிப்டி கலெக்டராக இருந்தார். அவர் வெறும் அதிகாரி மட்டும் அல்ல. 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டில் இருப்பதைப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியக்கூடியவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுக்கும் அதிகாரமும் உள்ளவர்.

1910-ல் ராமானுஜன் அவரைப் போய்ப் பார்த்தார். நோட்டைக் காட்டினார். முனிசிபல் ஆபீசிலோ தாலுகா ஆபீசிலோ ஒரு வேலை கேட்டார்.

ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட மூளையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டு அமுக்குவது பாவம் என்று நினைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. அன்று இரவு ஊர் திரும்பும் இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்துடன் சென்னை போன ராமானுஜன், பி.வி.சேஷு அய்யரைச் சந்தித்தார். கும்பகோணத்தில் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்தான். அவர் இன்னொரு கடிதம் கொடுத்தார். இந்தக் கடிதம் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவுக்கு. ராவும் கணிதச் சங்கத்து மனிதர். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று, இப்படித்தான் ராமானுஜன் போய்ச் சேர்ந்தார்.

கலெக்டரிடம் காட்டிய எளிய கணக்கு

1910 டிசம்பரில் ராமச்சந்திர ராவின் முன்னால் வந்து நின்ற உருவம், கலெக்டரின் கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இல்லை. குட்டையான, கொஞ்சம் பருத்த உடம்பு. முகச் சவரம் செய்யவில்லை. உடையும் அவ்வளவு சுத்தம் இல்லை. கக்கத்தில் கந்தலாய்ப்போன நோட்டு. கண்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. ராவ் பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நோட்டைப் பார்த்த ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. இது அறிவா, பைத்தியமா, ஏமாற்றா என்று தீர்மானிக்க முடியவில்லை. இன்னொரு முறை வரச் சொன்னார். ராமானுஜன் வந்தார். மறுபடியும் வந்தார்.

ஒரு சந்திப்பில் ராமானுஜன் ஒரு காரியம் செய்தார். நோட்டில் இருந்த கடினமான விஷயங்களை ஒதுக்கி வைத்தார். தன் முடிவுகளில் எளியவற்றை எடுத்துக் காட்டினார். அவை ராவுக்குப் புரிந்தன. இருக்கிற புத்தகங்களில் இவை இல்லை என்பதும் தெரிந்தது. பிறகு அங்கிருந்து படிப்படியாக, கைபிடித்து மலை ஏற்றுவதுபோல, பெரிய விஷயங்களுக்கு அழைத்துப் போனார். கடைசியில் ராவின் சந்தேகம் முழுவதும் தீர்ந்துபோயிற்று.

என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். கவலை இல்லாமல் கணக்குப் போடுவதற்கு, வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்பதுதான் பதில்.

ராவ் மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். ராமானுஜன் சென்னையில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1911-ல் அவருடைய முதல் கட்டுரை கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது.

அது சுலபமாக வெளிவரவில்லை. பத்திரிகை ஆசிரியர் எம்.டி.நாராயண அய்யங்கார் பெங்களூரில் இருந்தார். ராமானுஜனின் எழுத்து மிகவும் சுருக்கமாகவும், தெளிவில்லாமலும் இருந்தது. சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்று கண்டு, ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். சரி செய்து அனுப்பினார் ராமானுஜன். மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை போய்வந்த பிறகே அச்சேறியது.

அதே பத்திரிகையில் வாசகர்களுக்கு ஒரு கணக்கும் விட்டார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகும் கணக்கு. ஆறு மாதம் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3.

பிறர் பணத்தில் எத்தனை நாள்?

ராவ் மனம் கோணாமல் பணம் கொடுத்தார். ஆனால் ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவருக்குப் பாரமாக எத்தனை நாள் இருப்பது? அவருக்குப் பல்கலைக்கழக உபகாரச் சம்பளம் வாங்கித் தர நண்பர்கள் முயன்றார்கள். பட்டம் இல்லாததால் நடக்கவில்லை. சரி, சின்ன வேலையாக இருந்தாலும் போதும் என்று ராமானுஜன் தீர்மானித்தார்.

முதலில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாயில் ஒரு தாற்காலிக வேலை கிடைத்தது. சில வாரங்கள்தான் பார்த்தார். பிறகு சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டார்.

1912-ம் வருடம் பிப்ரவரி 9-ந் தேதி, திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு மனு எழுதினார். அந்த மனு நீளமானது அல்ல. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எப்.ஏ. வரை படித்ததையும், சில சங்கடங்களால் மேலே தொடர முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். தன் நேரத்தை எல்லாம் கணிதத்தில் செலவிட்டு வருவதைச் சொன்னார். இந்த வேலை கிடைத்தால் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்று நம்புவதாகச் சொல்லி முடித்தார். அவ்வளவுதான்.

மனுவோடு ஒரு சிபாரிசுக் கடிதமும் இருந்தது. பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரை எழுதியது. இந்த இளைஞனுக்குக் கணிதத்தில், அதிலும் எண்கள் சம்பந்தமான வேலையில், அபூர்வமான திறமை உண்டு என்று அதில் இருந்தது. கணக்குப் பிரிவு வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன எழுத முடியும்? பெரிய மேதை என்று மட்டும் எழுதியிருந்தால், ஆபீஸ் வேலைக்கு இவன் எதற்கு என்று கேட்டிருப்பார்கள்.

1912 மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு குமாஸ்தா. மாதச் சம்பளம் 30 ரூபாய். ஜவுளிக் கடையில் தகப்பனார் வாங்கியதைவிடப் பத்து ரூபாய் கூடுதல். கும்பகோணத்து வீட்டில் அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

மொட்டை மாடியில் இரண்டு சிலேட்டு

துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், என்ஜினீயர். அவருக்கு அடுத்தபடி ஆபீசை நடத்தியவர் எஸ்.நாராயண அய்யர். இவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கணிதச் சங்கத்திலும் இருந்தார். ராமானுஜனுக்கு இப்படி ஒரு மேலதிகாரி வாய்த்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

பகலில் ஆபீஸ் கணக்கு. அதை முடித்த பிறகு சொந்தக் கணக்கு. துறைமுகத்தில் சரக்குக் கட்டி வந்த பழைய காகிதத்தைப் பொறுக்கி, அதில் எழுதிப் பார்ப்பார். எழுதிய காகிதத்தின் மேலேயே சிவப்பு மையால் மறுபடி எழுதுவதும் உண்டு.

மாலையில் திருவல்லிக்கேணியில் நாராயண அய்யர் வீட்டு மாடிக்குப் போவார். மேலதிகாரியும் குமாஸ்தாவும் ஆளுக்கு ஒரு சிலேட்டுடன் உட்காருவார்கள். இரவு பதினொன்று, பதினொன்றரை வரை சிலேட்டுப் பென்சில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாராயண அய்யர் கணிதம் தெரிந்தவர். ஆனாலும் ராமானுஜனின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தடுக்கி விழுந்தார். அவர் அதை மறைக்கவில்லை. எனக்கே புரியவில்லை என்றால், குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே படிக்கும் பெரிய கணிதக்காரர்கள் இதை எப்படி ஏற்பார்கள் என்று கேட்டார். உன் இரண்டு வரிகளுக்கு நடுவில் பத்து வரியாவது எழுது என்றார். ராமானுஜனுக்கு இது விளங்கவில்லை. தனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதை எதற்காக வளர்த்தி எழுத வேண்டும் என்று கேட்டார். நாராயண அய்யர் விடவில்லை. படிக்கிறவன் இருக்கும் இடத்துக்கு இறங்கி வா என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தார்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவரிடம் மானேஜர் இப்படிப் பேசினால், பலருக்குக் கோபம் வரும். ராமானுஜன் மறுநாளும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

லண்டனிலிருந்து வந்த புத்திமதி

துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் துரைக்கும் இந்தக் குமாஸ்தாமேல் அக்கறை பிறந்தது. சென்னை என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், ராமானுஜனின் கணக்குகளை லண்டனில் தன் பழைய ஆசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பினார்.

1912 கடைசியில் பதில் வந்தது. ராமானுஜனுக்குக் கணிதத்தில் ருசி இருக்கிறது. ஆனால் சில இடங்களில் குழியில் விழுந்திருக்கிறார் என்று ஹில் கருதினார். படிக்க வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சொன்னார். பத்திரிகைக்கு அனுப்பும்போது தெளிவாக எழுத வேண்டும், பிழை இருக்கக்கூடாது, விளக்காத குறியீடுகளைப் போடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

பெங்களூர் ஆசிரியர் சொன்னதும் அதுதான். மாடியில் மானேஜர் சொன்னதும் அதுதான். ஆறாயிரம் மைல் தாண்டி வந்த கடிதமும் அதையே சொன்னது.

பிறகு ராமானுஜன் தானே கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுத ஆரம்பித்தார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. மூன்றாவதாக 1913 ஜனவரி 16-ந் தேதி ஜி.எச்.ஹார்டிக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தில் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொண்டார் தெரியுமா? துறைமுகக் கணக்குப் பிரிவில் வருடம் 20 பவுன் சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்றே ஆரம்பித்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொன்னார். வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதிவிட்டார், உண்மையில் 25. அதோடு நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகள் இருந்தன. ஆங்கிலக் கட்டுரையில் தோற்ற இளைஞன் ஆங்கிலத்தில் எழுதி உலகத்தையே திருப்பிய கடிதம் இது. அதன் நடையைச் சீர்செய்ய ஆபீசில் மூத்தவர்கள் உதவினார்கள் என்று சொல்வார்கள்.

ஹார்டி முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்தார். இரவு தன் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தபோது, எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். பிப்ரவரியில் பதில் எழுதினார். அவர் கேட்டது என்ன? நிரூபணம் வேண்டும், வழியைக் காட்டுங்கள் என்பதுதான்.

ராமானுஜன் மறு கடிதத்தில் மனம் திறந்து எழுதினார். தான் அரைப்பட்டினி மனிதன், மூளை வேலை செய்ய முதலில் சாப்பாடு வேண்டும், உங்கள் கடிதம் ஒன்று இருந்தால் இங்கே உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

அதே பிப்ரவரி மாதம் வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ராமானுஜனின் நோட்டு அவர் முன்னால் வைக்கப்பட்டது. மறுநாளே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்குக் கிடைக்காது என்ற உபகாரச் சம்பளம் இப்போது கிடைத்தது. 1913 மே 1-ந் தேதி முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன ஆராய்ச்சி செய்தார் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் அவருக்கு விடுமுறை கொடுத்து அனுப்பினார்கள்.

குமாஸ்தா உத்தியோகம் பார்த்தது மொத்தம் பதினான்கு மாதம்.

கடலுக்கு அப்பால்

1914 மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். ஐந்து வருடம் இங்கிலாந்தில் இருந்தார். அங்கே நடந்ததைச் சொல்லப் பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. டாக்சி நம்பர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே விட்டுவிடலாம்.

ஒரு கணக்கை மட்டும் பார்க்கலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக ஐந்து விதம். பத்தை 42 விதமாகப் பிரிக்கலாம். நூறை? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். இதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. எழுதாமலே எண்ணிக்கையைச் சொல்லும் சூத்திரத்தை ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து கண்டுபிடித்து 1918-ல் வெளியிட்டார்கள். முடிவைப் பளிச்சென்று பார்ப்பது ராமானுஜன். வழியை விடாமல் கேட்பது ஹார்டி.

1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. இரண்டு முறை தவறியவர் கடைசியில் பட்டதாரி ஆனார். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி. அதே வருடம் டிரினிடி கல்லூரியின் பெலோ பதவி. ஆனால் அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில்தான் பெரும்பாலும் இருந்தார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் பதில் எழுதினார். இந்தத் தொகை தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு வருடம் 50 பவுன் கொடுத்து, தன் அவசியச் செலவு போக, மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளம் கட்டவும் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பள்ளிச் சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் எழுதிய கடிதம்.

மறுபடியும் காவேரிக் கரை

1919 மார்ச் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கினார். பார்த்தவர்கள் கண்கலங்கும் அளவுக்கு மெலிந்திருந்தார். கோடைக்காலத்தில் கொடுமுடியில் சுமார் இரண்டு மாதம் தங்கினார். ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில், காவேரிக் கரையில் உள்ள ஊர் அது. பிறந்த ஊருக்கும் மனைவியின் ஊருக்கும் நடுவழி. உடம்பு தேறவில்லை. கோயம்புத்தூர், கும்பகோணம் என்று மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சென்னைக்கே கொண்டுவந்தார்கள்.

படுக்கையில் கிடந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. கேட்டபோதெல்லாம் ஜானகி காகிதம் எடுத்துக் கொடுத்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதுக் கணித முடிவுகளை எழுதி அனுப்பினார். ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அந்தக் கடைசி வருடக் காகிதங்கள் கேம்பிரிட்ஜில் ஒரு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவை அங்கே இருப்பதை 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டார். பழைய நோட்டுகளை 1957-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அவர் கையெழுத்திலேயே அச்சிட்டது. அவற்றில் ராமானுஜன் எழுதாமல் விட்ட வழிகளை எழுதி நிரப்ப, புரூஸ் பெர்ன்ட் என்ற பேராசிரியருக்கு ஐந்து பாகங்களும் இருபது வருடத்துக்கு மேலும் தேவைப்பட்டன. நாராயண அய்யர் கேட்ட பத்து வரிகளை அவர் எழுதினார் என்று சொல்லலாம்.

ஜானகி அம்மாளுக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 20 ரூபாய் உதவிப் பணம் கொடுத்தது. அதில் குடும்பம் நடக்காது. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில வருடம் இருந்தபோது தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பி வந்து துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். அவர் தையல் மெஷினுடன் குடியிருந்தது திருவல்லிக்கேணியில். துறைமுக வேலைக்கு ராமானுஜன் மனு எழுதியதும் அதே திருவல்லிக்கேணியிலிருந்துதான்.